ஐந்து ரூபாய் சந்தா, பன்னிரண்டு வாசகர்கள்

பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர் முதலில் தேடியது தங்க ஓர் இடம். அடுத்தது மெஸ். இரண்டும் அமைந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இன்னொரு பசி எடுக்கும். தமிழில் படிக்க ஏதாவது கிடைக்காதா என்ற பசி அது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த வாரப் பத்திரிகை பத்துக் கை மாறி, அட்டை போய், தொடர்கதைப் பக்கம் மட்டும் கிழிபட்டு நம்மிடம் வந்து சேரும். அதையும் விடாமல் படித்தவர்கள்தாம் நாம்.

1981இல் சயான், மாதுங்கா, தாராவிப் பக்கம் இருந்த பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் தொடங்கினோம். அதற்குப் பெயர் கிடையாது. தலைவர், செயலாளர் கிடையாது. (பதவி என்று ஒன்று வைத்திருந்தால் ஆறே மாதத்தில் இரண்டு வட்டங்கள் ஆகியிருக்கும். நம்மவர்களைப் பற்றி நமக்குத் தெரியாதா?) எட்டுப் பேர் ஆபீஸ் குமாஸ்தாக்கள், இருவர் ரயில்வே, இருவர் மில் தொழிலாளிகள்.

சீட்டுப் பிடிப்பது போல

ஏற்பாடு மாதச் சீட்டு மாதிரிதான். ஆளுக்கு மாதம் ஐந்து ரூபாய். சேரும் அறுபது ரூபாயில் மூன்று நான்கு புத்தகங்கள் வாங்கலாம். சென்னைக்கு எழுதிப் போட்டால் வி.பி.பி.யில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னட்டையின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, வாங்கியவர் பெயரும் தேதியும் எழுதுவோம். ஒருவர் பத்து நாள் வைத்திருக்கலாம். கடைசி ஞாயிறு நான்கு மணிக்கு ஓர் அன்பரின் ஒற்றை அறையில் கூட்டம். வருஷ முடிவில் எல்லாப் புத்தகங்களுக்கும் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்வோம்.

இந்த யோசனைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தியாகி சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் சென்னையில் 'வாசகர் வட்டம்' என்றே ஒரு பதிப்பகத்தை நடத்தினார். உறுப்பினர்களை நம்பி நல்ல நூல்களைக் கொண்டுவந்த முயற்சி அது. சா. கந்தசாமியின் 'சாயாவனம்' 1969இலும், சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இலும் அங்கேதான் வெளியாயின. நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் அதன் பழைய பிரதிகள் சில பம்பாய் வரை வந்திருந்தன.

கூட்டத்தில் ஒரே ஒரு விதி இருந்தது. 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். லெட்ஜரில் கூட்டல் போட்டுப் பழகியவர்களுக்கு இது லேசான காரியமல்ல. முதல் இரண்டு கூட்டங்களில் காபிதான் அதிகம் செலவாயிற்று.

வேலை நிறுத்தம் வந்தது

1982 ஜனவரி 18ஆம் தேதி, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தது வருஷக்கணக்கில் போயிற்று.

எங்கள் மில் அன்பர்களில் ஒருவர் உடனே ஊருக்குப் போய்விட்டார். மற்றவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; எல்லோருக்கும் அண்ணாச்சி. பிப்ரவரியில் சந்தா தரவில்லை. மார்ச்சில் கூட்டத்துக்கே வரவில்லை. கையிலிருந்த இரண்டு புத்தகங்களைப் பேப்பரில் சுற்றி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

சந்தாவைத் தள்ளுபடி செய்யலாம் என்றார் ஒருவர். கடனாக எழுதிவைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் அண்ணாச்சி ஏற்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து ரூபாய் சின்னத் தொகைதான். அதை மற்றவர்கள் தன் பேரில் போட்டார்கள் என்றால் மனுஷன் எப்படி வந்து சமமாக உட்காருவார்?

அப்போது வட்டத்துக்கே ஒரு சங்கடம் இருந்தது. பத்து நாள் கெடு என்பது பேச்சுக்குத்தான். புத்தகம் ஆளுக்கு ஒரு மாதம் தூங்கும். ரயில்வே நண்பர் ஒருவர் போய், "அண்ணாச்சி, புத்தகமெல்லாம் அங்கங்கே மாட்டிக்கிட்டுக் கிடக்கு. வாங்கி அடுத்த ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருத்தர் வேணும். அந்த வேலை செய்யறவருக்குச் சந்தா கிடையாதுன்னு வச்சிருக்கோம்" என்றார். அண்ணாச்சி ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தாராவியிலிருந்து சயான், மாதுங்கா, வடாலா என்று துணிப்பையோடு நடந்தே போய்வந்தார். ஒவ்வொரு புத்தகமும் வழியில் ஓர் இரவு அவர் வீட்டில் தங்கும். அவர் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இரவில் உரக்கப் படிப்பார். சாலில் இருந்த நம்மவர்கள் வாசலில் வந்து உட்காருவார்கள். பன்னிரண்டு பேர் வட்டம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியாது.

அந்த வருஷம்தான் 'சாயாவனம்' பேச்சுக்கு வந்தது. கரும்பாலை கட்டுவதற்காக சிதம்பரம் என்பவன் ஒரு வனத்தையே வெட்டிச் சாய்த்து எரிக்கிற கதை. புளிய மரங்கள் போயிற்றே, பறவைகள் போயிற்றே என்று குமாஸ்தாக்கள் எல்லோரும் உருகினோம். கடைசியில் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"மரம் போச்சு, சரி. ஆலை வந்தா நாலு பேருக்கு வேலை கெடைக்கும்லா? எங்க ஊர்ல அப்படி ஒண்ணு இருந்திருந்தா நான் எதுக்கு சார் இங்க வந்து கெடக்கேன்?"

வேலை நிறுத்தத்தில் இருக்கும் ஒரு மில் தொழிலாளி ஆலைக்காக வாதாடினார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்று கூட்டம் இரவு ஒன்பது மணி வரை நடந்தது. அந்த நாவலை நான் பிறகு இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தக் கேள்வியோடுதான் படிக்க முடிந்தது. தனியாகப் படித்திருந்தால் மரங்களுக்காக வருத்தப்பட்டு மூடிவைத்திருப்பேன்.

அண்ணாச்சி வேலை செய்த மில் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 1984இல் குடும்பத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷக் குலுக்கலில் வந்த புத்தகங்களை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். "பக்கம் ஜாஸ்தியா இருக்கறதாப் பாத்துக் குடுங்க சார். அங்க கேக்க ஆள் நெறைய இருக்கு."

இன்றும் உண்டு

டில்லி, பெங்களூர் தமிழ்ச் சங்கங்களில் நூலகங்கள் இருக்கின்றன. வசதியுள்ளவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் நூலகம் வேறு, வட்டம் வேறு. நூலகத்தில் புத்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வட்டத்தில் கேட்பார்கள். தொடங்க நினைப்பவர்களுக்கு ஐந்து பேர் போதும். முதல் புத்தகம் நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எங்கள் வட்டத்தில் இப்போது ஏழு பேர். சந்தா இருநூறு ரூபாய். இதில் இருவர் இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்காக அண்ணாச்சி முறைக்கே போய்விட்டோம். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். இருபது பக்கத்துக்கு ஒரு முறை காபி.

இந்த மாதம் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. செகந்திராபாத்தில் வளரும் ஒரு தமிழ்ப் பையனின் கதை என்றதும் அந்தப் பெண்களில் ஒருத்தி, "அவனுக்குத் தமிழ் படிக்க வருமா மாமா?" என்று கேட்டாள். பாதி வரை வந்திருக்கிறோம். மீதி அடுத்த ஞாயிறு.