உங்களுக்குத் தெரியுமா? சைவத் தட்டில் புரதக் கணக்கு

தைப்பூசத்துக்கு முந்திய நாள்களில் பினாங்குத் தமிழர் வீடுகள் பலவற்றில் கறி, மீன் நின்றுவிடும். சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா வந்தால் ஜார்ஜ் டவுன் கடைகளில் மஞ்சள் கொடி ஏறும். ஒன்பது நாளும் சைவம்.

விரதம் சரி, தட்டில் என்ன இருக்கிறது? தேங்காய்ப்பால் குழம்பும் பொரித்த பலகாரமும்தான் என்றால் கொழுப்பு ஏறும், புரதம் ஏறாது. 100 கிராம் கெட்டித் தேங்காய்ப்பாலில் கொழுப்பு 20 கிராமுக்கு மேல். புரதமோ 2 கிராம் அளவே.

சந்தையில் கிடைக்கும் தெம்பே வேறு ரகம். வேகவைத்த சோயா பயறின்மேல் ரைசோபஸ் என்ற பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்து, பயறுகளைக் கட்டியாக இறுக்கிவிடும். 100 கிராமில் புரதம் சுமார் 19 கிராம், கொழுப்பு 11. அதிலும் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. வெந்த பருப்பில் புரதம் 9 கிராம், கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. வேர்க்கடலைதான் ஏமாற்றும்: புரதம் 26, கொழுப்பு 49!

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 48 கிராம் புரதம் என்பது பொதுக்கணக்கு. தெம்பேயை எண்ணெயில் முக்கியெடுக்காமல் தோசைக்கல்லில் வாட்டி, சம்பலில் பிரட்டுங்கள். அந்தச் சம்பலில் பெலாச்சான் இருந்தால் விரதம் போச்சு, அது இறால்!