வாக்கும் ஆட்சியும்

நம் மொழியில் வாக்கு என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் வழங்குகின்றன. நாவினின்று பிறக்கும் சொல்லும் வாக்கே. தேர்தலில் குடிமக்கள் அளிப்பதும் வாக்கே. ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுக்கும் உறுதிமொழியும் வாக்கே. மக்களாட்சியில் அரசியல்வாதி ஒருவர் ஆட்சிபீடம் ஏறும் வரலாறு இம்மூன்றனுள் அடங்கும். முதல் வாக்கால் இரண்டாவதை அவர் ஈட்டுகிறார். ஈட்டியபின் மூன்றாவது வாக்கினால் அளக்கப்படுகிறார்.

சொல்லாற்றல் ஆட்சிக்கு உரிய கருவி என்பது நம் முன்னோர் நன்கறிந்த உண்மை. திருக்குறளில் சொல்வன்மை என்னும் அதிகாரம் பொருட்பாலில், அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்கிறது. அதனைத் தொடர்ந்து வருபவை வினைத்தூய்மையும் வினைத்திட்பமும் ஆகும். சொல்லை அடுத்துச் செயல் வரவேண்டும் என்பதை அவ்வைப்பு முறையே நமக்கு உணர்த்துகிறது எனலாம்.

புணே நகரம் சென்ற நூற்றாண்டுகளில் சொற்பொழிவுக்குப் பெயர்பெற்று விளங்கியது. நீதிபதி ரானடே 1875-இல் தொடங்கிய வசந்தகாலச் சொற்பொழிவு வரிசை இந்நகரின் புகழ்பெற்ற மரபாகும். இந்நகரின் பொதுவாழ்வில் இருவகை நாவன்மையை ஒருங்கே காண்கிறோம். கோபால கிருஷ்ண கோகலே 1902 முதல் வைசிராயின் சட்டசபையில் அமர்ந்து, வரவுசெலவுக் கணக்கை ஆங்கிலத்தில், புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்து பேசினார். அவர் பேச்சை ஆள்வோர் மதித்துக் கேட்டனர். பாலகங்காதர திலகரோ மராத்தியில் பொதுமக்களை நோக்கிப் பேசினார். 1881-இல் தோன்றிய கேசரி இதழும், 1890-களில் அவர் பொதுவிழாவாக வளர்த்த கணபதி உற்சவமும் அவர் கருத்தை வீதிதோறும் கொண்டு சென்றன. அணிகளின் மிகுதியைக் காட்டிலும் நேர்மையான, கூரிய சொல்லே அவரது வலிமை. கோகலேயின் பேச்சு அரசாங்கத்தின் அறிவைத் தொட்டது. திலகரின் பேச்சும் எழுத்தும் அரசாங்கத்தை அஞ்சச் செய்தன. 1908-இல் அவர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று மாண்டலேச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மேடைப் பேச்சின் பொருட்டே தண்டனை பெற்றனர். மக்கள் மொழியில் பேசுவோரிடமே மக்களைத் திரட்டும் வலிமை உண்டு என்பதை அயலாட்சி இவ்வாறு தன் செய்கையாலேயே ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டில் அக்காலத்துத் தலைவர் பலர் ஆங்கிலத்திலேயே பேசிவந்தனர். அந்நிலையை மாற்றி, தொழிலாளர் கூட்டத்திலும் தேசியக் கூட்டத்திலும் நற்றமிழை ஒலிக்கச் செய்த பெருமை திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோரைச் சாரும். அவர்கள் உழுத நிலத்தில் விதைத்து அறுவடை கண்டவர் சி. என். அண்ணாதுரை ஆவார்.

காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அவர், 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1957-இல் அக்கழகம் சட்டசபையில் 15 இடங்களையும், 1962-இல் 50 இடங்களையும் பெற்றது. 1967-இல் 234 இடங்களுள் 130-க்கு மேற்பட்டவற்றை வென்று ஆட்சி அமைத்தது. பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த இவ்வளர்ச்சியில் மேடைக்கு இருந்த பங்கு யாது?

1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. படிக்க இயலாதார்க்குக் கேள்வியே கல்வி. ஒலிபெருக்கியின் வரவால் ஒருவர் குரல் பல்லாயிரவர் செவியை எட்டியது. அங்கே அண்ணாதுரை அடுக்குமொழியும் எதுகையும் மோனையும் கலந்த நடையைக் கையாண்டார். புலவர்க்கே உரியது என்று எண்ணப்பட்ட செந்தமிழ், உழவரையும் நெசவாளரையும் நோக்கிப் பேசப்பட்டபோது, தம்மையும் ஓர் அவையாக ஒருவர் மதிக்கிறார் என்ற உணர்வு அவர்கட்கு உண்டாயிற்று. "தம்பி" என்னும் விளி அம்மதிப்போடு உறவையும் சேர்த்தது. மேலும், கேட்டவர் கலைந்து போகாவண்ணம் கிளைக்கழகங்களும் படிப்பகங்களும் இதழ்களும் நாடகங்களும் அவர்களை ஒன்றாகக் கட்டின.

எனினும் நாவன்மை ஒன்றே ஆட்சியைத் தரும் என்று முடிவு கட்டுதல் பிழை. கு. காமராஜர் அலங்காரமின்றிப் பேச்சுவழக்கில் பேசியவர். ஆயினும் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கினார். ஊர்தோறும் தொண்டரை அறிந்திருந்ததும், செயலில் உறுதியும் அவரை உயர்த்தின. மறுபுறம், சொல்வேந்தராகிய அண்ணாதுரையே 1962-இல் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். 1967-ஆம் ஆண்டு வெற்றிக்கு அரிசித் தட்டுப்பாடும், 1965-இல் எழுந்த மொழிக் கிளர்ச்சியும், எதிர்க்கட்சிகளின் கூட்டும் பெருங்காரணங்கள். மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த குறைக்கு வடிவம் தருவதே பேச்சாளர் தொழில். இல்லாத குறையை அவரால் நெடுநாள் நிலைக்கச் செய்ய இயலாது.

இனி, மூன்றாவது வாக்குக்கு வருவோம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அத்தேர்தலில் ஒலித்த முழக்கம். ஆட்சிக்கு வந்தபின் 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுதும் அதனை விரிக்க நிதிநிலை இடந்தரவில்லை. மேடையில் சொல்லுக்குச் செலவில்லை. அரசாங்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செலவுத் தலைப்பு உண்டு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கணிப்பவரே தேர்ந்த குடிமகன்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவர் நாடோறும் காணும் உண்மை இது: ஒரு பேச்சை மற்றொரு மொழிக்கு மாற்றும்போது முதலில் உதிர்வன எதுகையும் மோனையும் அடுக்குமொழியும். எஞ்சுவது கருத்து ஒன்றே. சில பேச்சுகளில் அது நிறைய எஞ்சும். சிலவற்றில் ஒரு வரிகூடத் தேறாது. புணேயின் கிழக்கே மகர்பட்டாவில் வாழும் தமிழர்க்கு இவ்வனுபவம் தேர்தற்காலத்தில் எளிதாக வாய்க்கும். மராத்தி மேடையின் முழக்கம் பொருள் விளங்குமுன்பே நெஞ்சை அசைக்கும்; பேசியது என்னவென்று வீட்டில் உள்ளோர்க்குத் தமிழில் எடுத்துரைக்கத் தொடங்கும்போதுதான் அதன் உண்மை எடை தெரியவரும்.

தாய்மொழியில் கேட்கும் பேச்சுக்கும் இச்சோதனையை நாம் செய்து பார்க்கலாம். கூட்டம் முடிந்து இல்லம் திரும்பியதும், கேட்டதை அணிகளை நீக்கி, நான்கு எளிய வாக்கியங்களில் வீட்டாரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். இவர் செய்வதாகச் சொன்னது என்ன? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? எத்தனை ஆண்டில் முடியும்? இவற்றிற்கு விடை எஞ்சுமாயின், அச்சொல் வாக்களிக்கத் தக்கது. எஞ்சாதாயின், இனிய இசையொன்று கேட்டோம் என்று மகிழ்ந்து, வாக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வது நலம்.