பண்ணைக்கும் தேவை பற்று வரவு

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டில் வழங்கி வரும் பழமொழி. கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்வோர் உண்டு. உழக்கு மிஞ்சவில்லை என்றால், அது எங்கே போயிற்று என்று அறிவதற்காகவே கணக்குத் தேவைப்படுகிறது. எந்த இரகத்தை விதைப்பது, எத்தனை கிலோ தழைச்சத்து இடுவது என்பவற்றில் காட்டும் அக்கறையை வரவு செலவிலும் காட்டினால்தான் விளைச்சல் வருமானமாக மாறும்.

வேளாண்மைப் பட்டப் படிப்பில் பயிர், மண், பூச்சி, நோய் ஆகிய பாடங்களோடு பண்ணை மேலாண்மையும் கற்பிக்கப்படுகிறது. கணக்குப் பதிவியலின் அடிப்படைக் கொள்கைகளை மாணவர்கள் அதில்தான் கற்கிறார்கள். இக்கொள்கைகள் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. இத்தாலி நாட்டின் லூக்கா பாசியோலி என்ற கணித அறிஞர் 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில், அங்குள்ள வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். அந்த முறையே இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் இதைக் கற்றுக்கொள்ள இயலும்.

வீடு வேறு, பண்ணை வேறு

கணக்கின் முதல் கொள்கை, தொழிலையும் அதன் உரிமையாளரையும் தனித்தனியாகப் பார்ப்பது. உங்கள் பண்ணையை ஒரு தனி ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள். பண்ணையிலிருந்து 500 கிலோ நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்தால், பண்ணை அதை வீட்டுக்கு விற்றதாகக் கருதி அன்றைய விலையை வரவில் எழுத வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் எடுத்த பணம் பண்ணைச் செலவு ஆகாது. அது நீங்கள் பண்ணையிலிருந்து எடுத்துக்கொண்ட பணம். இவ்விரண்டும் கலந்துவிட்டால், பயிரினால் நட்டமா, வீட்டுச் செலவினால் பற்றாக்குறையா என்பது ஒருபோதும் விளங்காது.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு பக்கம்

இரண்டாவது கொள்கை, எந்தக் கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடங்களைத் தொடும் என்பது. கடையில் 4,500 ரூபாய்க்கு உரம் கடனாக வாங்கினால், ஒரு பக்கம் உரம் வந்தது, மறுபக்கம் கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி ஏறியது. பணம் கைமாறவில்லை என்பதற்காக இதை எழுதாமல் விடக்கூடாது.

கடன் வாங்கும்போது இக்கொள்கை மிகவும் பயன்படும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ 50,000 ரூபாய் பயிர்க்கடன் பெற்றால், கையில் ரொக்கம் கூடுகிறது. அதே அளவுக்குக் கடனும் கூடுகிறது. ஆகவே கடன் தொகை வருமானம் அன்று. அதுபோலவே கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவதும் செலவு அன்று. கட்டிய வட்டி மட்டுமே செலவு. நகைக் கடன் பெற்ற மாதத்தில் கை தாராளமாக இருப்பதும், அசலைக் கட்டிய மாதத்தில் கை வறண்டு போவதும் இலாப நட்டத்தைக் காட்டமாட்டா.

தேய்மானம் என்னும் கண்ணுக்குத் தெரியாத செலவு

விதை, உரம், கூலி போன்றவை ஒரு பருவத்திலேயே தீர்ந்துவிடும் செலவுகள். பம்புசெட், விசைத் தெளிப்பான், மாட்டுக் கொட்டகை போன்றவை பல ஆண்டுகள் உழைப்பவை. பின்னவற்றின் விலை முழுவதையும் வாங்கிய ஆண்டின் செலவில் எழுதினால், அந்த ஆண்டு பெரும் நட்டமாகவும், அடுத்த ஆண்டுகள் பெரும் இலாபமாகவும் பொய்த் தோற்றம் தரும். ஆகவே அவற்றின் விலையை உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட வேண்டும். இதுவே தேய்மானம்.

எடுத்துக்காட்டாக, 40,000 ரூபாய்க்கு வாங்கிய பம்புசெட் 12 ஆண்டுகள் உழைத்து, முடிவில் 4,000 ரூபாய்க்கு விலை போகும் எனக் கொள்வோம். இடையிலுள்ள 36,000 ரூபாயை 12ஆல் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் 3,000 ரூபாய். இத்தொகையை எழுதாத உழவர் அதையும் இலாபம் என எண்ணிச் செலவழித்துவிடுவார். பம்புசெட் பழுதாகும் நாளில் வட்டிக்கு வாங்க நேரிடும்.

ஓர் ஏக்கர் நெல்லின் கணக்கு

கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையையும் கூலியையும் இட்டுக் கணக்கிட்டுக் கொள்ளவும்.

கையிலிருந்து கொடுத்த செலவு:
விதை – ரூ.1,500
நாற்றங்கால், உழவு – ரூ.5,000
நடவு – ரூ.5,000
உரம் – ரூ.4,500
களையெடுப்பு – ரூ.3,000
பயிர்ப் பாதுகாப்பு – ரூ.1,500
அறுவடை இயந்திர வாடகை – ரூ.3,500
மொத்தம் – ரூ.24,000

விளைச்சல் 2,400 கிலோ. கிலோ 22 ரூபாய் வீதம் 1,900 கிலோ விற்றதில் கிடைத்தது 41,800 ரூபாய். இதில் 24,000 ரூபாயைக் கழித்து, "17,800 ரூபாய் மிச்சம்" என்று சொல்வதே வழக்கம். இது ரொக்கக் கணக்கு மட்டுமே. முழுக் கணக்கு வேறு.

வரவுப் பக்கத்தில் வீட்டுக்கு எடுத்த 500 கிலோ நெல்லுக்கு 11,000 ரூபாயும், சொந்த மாடுகளுக்குப் போட்ட வைக்கோலுக்கு 2,000 ரூபாயும் சேர்க்க வேண்டும். ஆக மொத்த வரவு 54,800 ரூபாய்.

செலவுப் பக்கத்தில் சொந்தத் தொழு உரத்துக்கு 2,000 ரூபாய் சேரும். பம்புசெட் இந்த ஓர் ஏக்கருக்கு ஆண்டில் இரண்டு போகம் இறைக்கிறது என்று கொண்டால், ஒரு போகத்தின் தேய்மானம் 1,500 ரூபாய். இப்போது செலவு 27,500 ரூபாய். வரவில் இதைக் கழித்தால் மிச்சம் 27,300 ரூபாய்.

இத்துடன் நிற்கக்கூடாது. வீட்டார் 30 நாள் உழைத்திருந்தால், அதே உழைப்புக்கு வெளியில் நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் கிடைத்திருக்கும். அதைக் கழித்தால் 15,300 ரூபாய். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தப் போகத்துக்கு 10,000 ரூபாய் வந்திருக்கும். அதையும் கழித்தால் மிஞ்சுவது 5,300 ரூபாய். சொந்தப் பணத்துக்கான வட்டி எளிமை கருதி இங்கே சேர்க்கப்படவில்லை.

கணக்கு சொல்லும் செய்தி

27,300 ரூபாயில் 10,000 ரூபாய் நிலத்தின் பங்கு, 12,000 ரூபாய் குடும்ப உழைப்பின் பங்கு, 5,300 ரூபாய் உங்கள் திறமைக்கும் நீங்கள் ஏற்ற ஆபத்துக்கும் உரிய பங்கு. இதே பயிரைக் குத்தகை நிலத்தில் செய்திருந்தால், குத்தகை போகக் கையில் நிற்பது 17,300 ரூபாய்தான். ஆகவே குத்தகைக்கு நிலம் பிடிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மிக அவசியம்.

விலை கிலோவுக்கு 3 ரூபாய் இறங்கினால் வரவில் 7,200 ரூபாய் குறையும். 5,300 ரூபாய் இலாபம் 1,900 ரூபாய் நட்டமாக மாறும். கையில் பணம் புழங்குவதால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடும்பத்தார் தம் கூலியைக் குறைத்துக்கொண்டு அதை ஈடு செய்கிறார்கள் என்பதே உண்மை.

அடக்க விலையையும் இதிலிருந்து அறியலாம். எல்லாச் செலவும் சேர்ந்து 49,500 ரூபாய். வைக்கோல் மதிப்பு 2,000 ரூபாயைக் கழித்து 2,400 கிலோவால் வகுத்தால், ஒரு கிலோ நெல்லின் அடக்க விலை சுமார் 19 ரூபாய் 80 காசு. குடும்ப உழைப்பையும் நில வாடகையையும் விட்டுவிட்டால் இதுவே சுமார் 10 ரூபாய் 63 காசாகக் குறைந்து காணப்படும். வியாபாரி விலை கேட்கும்போது எந்த எண் மனத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே நம் பேரம் அமையும்.

மத்திய அரசின் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையமும் செலவை இவ்வாறே படிப்படியாகப் பிரிக்கிறது. கையிலிருந்து ஆகும் செலவுடன் குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்ப்பது ஒரு படி. சொந்த நிலத்தின் வாடகையையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்துக் கணக்கிடும் 'சி2' செலவு மற்றொரு படி. 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டதன்படி, குறைந்தபட்ச ஆதரவு விலை முதற்படியின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் அறிவிக்கப்படுகிறது. சி2 செலவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று உழவர் அமைப்புகள் பல கோருகின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி எத்தகையது என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை இருப்புநிலை

ஆண்டுக்கு ஒரு நாள் உங்களிடம் உள்ளவற்றையும் நீங்கள் கொடுக்க வேண்டியவற்றையும் இரண்டு பத்தியாக எழுதுங்கள். பசலி ஆண்டு முடியும் ஜூன் 30 இதற்கு ஏற்ற நாள். ஒரு பத்தியில் நிலம், கிணறு, பம்புசெட், கறவை மாடு, களஞ்சியத்தில் உள்ள நெல், மீந்த உரம், ரொக்கம், பிறரிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஆகியவை வரும். மறு பத்தியில் பயிர்க்கடன், நகைக் கடன், கடை பாக்கி, கைமாற்று ஆகியவை வரும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே உங்கள் சொந்த முதல். நிலத்துக்கு ஊரார் சொல்லும் விலையை ஆண்டுதோறும் ஏற்றி எழுதக்கூடாது. ஒரே மதிப்பை எல்லா ஆண்டும் வைத்துக்கொண்டால்தான் சாகுபடியினால் முதல் கூடியதா, குறைந்ததா என ஒப்பிட இயலும். வயலில் நிற்கும் பயிருக்கு எதிர்பார்க்கும் விலையை எழுதாமல், அதுவரை ஆன செலவை மட்டும் எழுதவும். வராத இலாபத்தை எண்ணாதே என்பதும் கணக்கியலின் கொள்கையே.

தொடங்கும் முறை

விலையுயர்ந்த பதிவேடுகள் தேவையில்லை. 200 பக்க நோட்டு ஒன்று போதும். அதை நான்காகப் பிரித்து, அன்றாட ரொக்க வரவு செலவு, பயிர்வாரிக் கணக்கு, கடனும் பாக்கியும், ஆண்டு இருப்புநிலை என எழுதிக்கொள்ளவும். ஒவ்வொரு நாளும் இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அன்றே எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் சில்லறைக் கூலியும் வண்டி வாடகையும் விட்டுப்போகும். குடும்ப ஆட்கள் வேலை செய்த நாட்களையும் மறவாமல் குறிக்கவும். கடை ரசீதுகளையும், கொள்முதல் நிலையம் தரும் சீட்டுகளையும் ஓர் உறையில் சேர்த்து வைக்கவும். பள்ளியில் மேல் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால், அவர்களும் பண்ணையின் நிலையை அறிந்து வளர்வார்கள்.

ஒரு பயிரில் தொடர்ந்து மூன்று பருவம் கணக்கு எழுதிய பிறகு, எந்தச் செலவைக் குறைக்கலாம், எந்தப் பயிரை மாற்றலாம், எவ்வளவு கடன் தாங்கும் என்பவை தெளிவாகும். வரும் பருவத்தில் விதை வாங்கும் நாளன்றே நோட்டையும் வாங்கி, அந்த விதையின் விலையையே முதல் பதிவாக எழுதித் தொடங்குமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.