பெயர்ப்பலகையில் நிற்கும் கடைவாய்ப்பல்

சென்னையின் மேற்குப் புறநகரில் பல் மருத்துவமனைகள் அடர்ந்திருப்பதன் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும், மதுரவாயலை அடுத்த ஆலப்பாக்கத்தில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியும், முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரியும் இருக்க, அவற்றில் பட்டம் பெறும் இளம் மருத்துவர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலேயே தொழில் தொடங்க விரும்புவது இயல்பே. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரைச் சேர்ந்த மேனாம்பேடு போன்ற குடியிருப்புகளில், முதல் மாடியை வாடகைக்கு எடுத்து, நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே கருவி ஆகியவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து வாங்கும் மருத்துவர், தம் மருத்துவமனையின் இலச்சினையைத் தேர்வதை மட்டும் திறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில் போர்டு கடைக்காரரின் கணினியிடம் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே பல், ஒரே நீலம், ஒரே நட்சத்திர மினுக்கு எனத் தெருவுக்குத் தெரு பலகைகள் இரட்டைப் பிள்ளைகளாக நிற்பதற்கு இந்த அவசரமே முதற்காரணம்.

இலச்சினை என்பது ஒரு நிறுவனத்தைக் கண்டவுடன் அடையாளம் காட்டும் சிறு உருவம். அந்த உருவத்தோடு பெயர், எழுத்துரு, நிறம், மருந்துச் சீட்டின் அமைப்பு, வரவேற்பு மேசைக்குப் பின்னுள்ள சுவர் ஆகிய அனைத்தும் சேர்ந்து மனத்தில் பதிக்கும் மொத்தத் தோற்றமே நிறுவன அடையாளம் எனப்படும். இவ்விரண்டும் எந்தத் தொழிலுக்கும் பொதுவானவை. பல் மருத்துவத்துக்கு மட்டுமே உரிய சிக்கல், அத்தொழிலின் சின்னமாக எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கும் அந்தப் பல்லின் படத்திலேயே இருக்கிறது.

பலகையில் வரையப்படும் பல்லுக்குப் பெரும்பாலும் மேலே இரண்டு மேடுகளும் கீழே இரண்டு வேர்களும் இருக்கும். 2018இல் யூனிகோடு தொகுப்பில் சேர்க்கப்பட்ட, கைப்பேசியில் அனுப்பப்படும் பல் சித்திரமும் வேரோடு கூடியதே. மனிதனின் நிரந்தரப் பற்கள் முப்பத்திரண்டில் வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் பொதுவாக ஒரே வேர். மேல்தாடைக் கடைவாய்ப்பல்லுக்குக் கன்னப்புறத்தில் இரண்டும் அண்ணப்புறத்தில் ஒன்றுமாக மூன்று வேர்கள். முன்னும் பின்னுமாக இரண்டு வேர்கள் ஊன்றி நிற்பவை கீழ்த்தாடைக் கடைவாய்ப்பற்கள். எனவே பலகையில் நிற்பது கீழ்க்கடைவாய்ப்பல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லைக் கன்னப்புறத்திலிருந்து நோக்கினால் மூன்று மேடுகள் தெரியும். அதன் வேர்கள் இரண்டும் நன்றாக விலகி நிற்கும். இரண்டே மேடுகள் தெரிவது, பன்னிரண்டு வயதையொட்டி முளைக்கும் இரண்டாவது கடைவாய்ப்பல்லில்தான். அதன் வேர்களோ ஒன்றையொன்று நெருங்கி, ஏறக்குறைய இணையாக இறங்குபவை. ஆக, ஓவியர் முதற்பல்லின் அகன்ற வேர்களையும் இரண்டாம் பல்லின் மேடுகளையும் ஒட்டவைத்து, எந்த வாயிலும் முளைக்காத ஒரு பல்லைப் படைத்துவிட்டார் எனலாம்.

அளவிலும் அப்படம் பொய்க்கிறது. பல் உடற்கூறியல் நூல்கள் தரும் சராசரிப்படி கீழ்த்தாடை முதற் கடைவாய்ப்பல்லின் வெளித்தெரியும் மேற்பகுதி சுமார் 7.5 மில்லிமீட்டர் உயரமுடையது. வேரின் நீளமோ சுமார் 14 மில்லிமீட்டர். இலச்சினைகளில் மேற்பகுதி பருத்தும் வேர் குறுகியும் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வரையப்படுவதால், பல்லின் மூன்றில் இரு பங்கு ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளே இருக்கிறது என்ற அடிப்படை உண்மை மறைந்துபோகிறது. அந்த உண்மையை நோயாளிக்கு விளக்குவதிலேயே பல் மருத்துவர்களின் நேரத்தில் ஒரு பகுதி கழிகிறது.

இவற்றைவிட ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது வேறொன்று. நலமான வாயில் இருக்கும் பல்லின் வேரை எவரும் கண்ணால் காண முடியாது. வேர் முழுதாகக் கண்ணில் படுவது பல்லைப் பிடுங்கிய பிறகுதான். ஆகவே வேர் தெரிய வரையப்பட்ட பல், பிடுங்கப்பட்ட பல்லின் படமே. சொத்தையை அடைத்தும், வேர்ச் சிகிச்சை செய்தும், ஈற்றைச் சுத்தம் செய்தும் பல்லை வாயிலேயே நிலைநிறுத்துவதைத் தன் பெருமையாகக் கருதும் இன்றைய பல் மருத்துவம், பிடுங்கிய பல்லைத் தன் வாசலில் தொங்கவிடுவது, தென்னங்கன்று விற்கும் பண்ணை வேரோடு சாய்ந்த தென்னையைப் பலகையில் வரைந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இந்த முரணுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐரோப்பியச் சந்தைகளில் ஊர் ஊராகச் சென்று பல் பிடுங்கியவர்கள், தாம் பிடுங்கிய பற்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலும் கடை முகப்பிலும் தொங்கவிட்டதை அக்கால ஓவியங்கள் காட்டுகின்றன. கி.பி. 249இல் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு உயிர்நீத்த புனித அப்போலோனியா பல்வலிக்காரர்களின் காவலராகக் கிறித்தவ மரபில் போற்றப்படுகிறார். ஓவியங்களில் அவர் கையிலிருக்கும் குறடும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கிறது. இந்திய நகரங்களின் நடைபாதைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிடுங்கிய பற்களையும் பல்செட்டுகளையும் அடுக்கி வைத்துத் தொழில் செய்தவர்களும் அதே மரபினரே. படிக்கத் தெரியாத நோயாளிக்கு அந்தப் பெட்டியே பெயர்ப்பலகையாகவும் அனுபவச் சான்றிதழாகவும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1976ஆம் ஆண்டு நன்னெறி விதிமுறைகள், காட்சிப் பெட்டிகளையும் மின்னி மறையும் விளக்குப் பலகைகளையும், வலியின்றிப் பல் எடுக்கப்படும் என்பது போன்ற வாசகங்களையும் நெறிபிறழ்ந்த செயல்களின் பட்டியலில் சேர்த்தன. கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட பல், இலச்சினை என்ற பெயரில் பலகையின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது.

படத்தை நாடாமல் பெயரை நம்பி நின்றவர்களும் சென்னையில் இருந்தனர். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து புறப்பட்ட குடும்பங்களில் சில இந்திய நகரங்களில் பல் மருத்துவத்தைக் குலத்தொழிலாகச் செய்தன. அவ்வழியில் வந்தோர் சென்னையிலும் தலைமுறைகளாகத் தொழில் நடத்தினர். 1948ஆம் ஆண்டுச் சட்டம், பட்டம் பெற்றவர்களை ‘அ’ பிரிவிலும், பட்டமின்றித் தொழிலையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களை ‘ஆ’ பிரிவிலும் பதிவு செய்ய வகைசெய்தது. பட்டப்பெயர் எழுத இயலாத பலகையில் ஒரு சீனக் குடும்பப் பெயரே இலச்சினையின் வேலை முழுவதையும் செய்தது. தாத்தாவிடம் பல் கட்டிக்கொண்டவரின் பேரன் அதே பெயரைத் தேடி வந்தான். நிறுவன அடையாளம் என்பது நிறைவேறிய வேலையின் நினைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நிறத்தைப் பொறுத்தவரை, குருதியை நினைவூட்டும் சிவப்பைத் தவிர்த்து நீலத்தையும் பச்சையையும் நாடுவது ஏற்கத்தக்கதே. பல்லுக்குப் பூசப்படும் தூய வெண்மையோ ஏற்கத்தக்கதன்று. செயற்கைப் பல்லின் நிறத்தை இயற்கைப் பல்லோடு பொருத்துவதற்கு மருத்துவர் பயன்படுத்தும் நிற மாதிரிச் சட்டங்களில் பெயர்பெற்ற வீட்டா கிளாசிக்கல் சட்டத்தில் பதினாறு நிறங்கள் உள்ளன. அவை செம்பழுப்பு, செம்மஞ்சள், சாம்பல், செஞ்சாம்பல் என்ற நான்கு சாயல்களில் அடங்குகின்றனவே அன்றிச் சுண்ணாம்பு வெள்ளை அவற்றில் இல்லை. பல்லின் உள்ளடுக்காகிய டென்டின் மஞ்சள் சாயலுடையது. ஒளி ஊடுருவும் எனாமல் வழியே அச்சாயல் வெளியே தெரிவது இயல்பான நலத்தின் அடையாளம். பலகையில் வெள்ளைப் பல்லும் அதன் மூலையில் நான்கு முனை நட்சத்திரமும் நாள்தோறும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால், தம் நலமான பல்லையே நோயென்று எண்ணி, கரியாலும் எலுமிச்சைச் சாற்றாலும் தேய்த்து எனாமலைக் கெடுத்துக்கொள்ளும் இளைஞர்களின் மயக்கத்துக்கு மருத்துவமனையே துணைபோனதாகிவிடும்.

மருத்துவத்தின் பொதுச் சின்னங்களைக் கடன் வாங்குவோரும் உளர். வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவையை இடுவது, 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. போர்க்களத்தில் காயமுற்றோரைக் காப்பதற்கென ஒதுக்கப்பட்ட அச்சின்னத்தைத் தெருமுனை மருத்துவமனைகள் தேய்த்துவிடக் கூடாது என்பதே தடையின் நோக்கம். சிறகு முளைத்த கோலில் இரண்டு பாம்புகள் பின்னிய உருவம் கிரேக்க மரபில் வணிகத்துக்கும் தூதுக்கும் உரிய ஹெர்மீஸின் கோல். மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளீப்பியஸின் கோலில் சிறகில்லை, பாம்பும் ஒன்றே. 1902இல் அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்பை ஏற்றுக்கொண்டதிலிருந்து பரவிய இக்குழப்பம் அம்பத்தூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

பல் மருத்துவத்துக்கென்றே அமைக்கப்பட்ட ஒரு சின்னமும் உண்டு என்பது பலர் அறியாதது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1965இல் ஏற்ற அச்சின்னத்தில் ஒற்றைப் பாம்புக் கோலைச் சுற்றி ஒரு முக்கோணமும் ஒரு வட்டமும், பின்னணியில் ஒரு கிளையும் அமைந்திருக்கின்றன. கிளையில் முப்பத்திரண்டு இலைகளும் இருபது கனிகளும் உள்ளன. இலைகள் நிரந்தரப் பற்களையும் கனிகள் பாற்பற்களையும் குறிக்கின்றன. பல்லை ஒருமுறைகூட வரையாமல் ஒரு மனிதனின் வாழ்நாள் பற்கள் முழுவதையும் எண்ணிச் சொல்லிவிடும் அந்த நுட்பம், இலச்சினை தேடும் ஒவ்வொரு மருத்துவரும் ஓரிரு நிமிடம் நின்று நோக்கத்தக்கது. தமிழ் மரபில் பல்லோடு சேர்த்து எண்ணப்படும் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் அவ்வாறே இலச்சினைக்குப் பொருளாகலாம். ஆயினும் அவற்றைக் காண்போர் அது சித்த மருத்துவமனையோ என ஐயுறக்கூடும் என்பதையும் கருத வேண்டும். மேலிருந்து நோக்கும்போது பதினாறு பற்களும் வளைந்து நிற்கும் தாடை வளைவு, வேரற்ற பல்லும் ஈற்றின் கோடும் சேர்ந்த உருவம், மருத்துவரின் பெயரின் முதலெழுத்து ஆகியவையும் தகுந்த தேர்வுகளே.

பல்லையே வரைய வேண்டுமெனில் முதற் கடைவாய்ப்பல்லை மூன்று மேடுகளோடு முறையாக வரையலாம். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எண்முறையில் கீழ்த்தாடையின் இடப்புறத்தில் 36 எனவும் வலப்புறத்தில் 46 எனவும் குறிக்கப்படும் இப்பல், ஆறு வயதில் எந்தப் பாற்பல்லும் விழாமலேயே அவற்றுக்குப் பின்னால் சத்தமின்றி முளைப்பதால், அதையும் விழுந்து முளைக்கும் பாற்பல் என்றே பெற்றோர் கருதிவிடுகின்றனர். அந்த அலட்சியத்தால் பள்ளிப் பருவத்திலேயே சொத்தையாகி, வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டிய பல் இளமையிலேயே இழக்கப்படுகிறது. பலகையில் அப்பல்லும் அதன் எண்ணும் இருந்தால், அது என்ன எண் என்று கேட்கும் ஒரு தாய்க்கு மருத்துவர் சொல்லும் விடை எந்த விளம்பரத்தையும்விடப் பயனுடையது.

பலகையில் எவை இருக்கலாம் என்பதில் நெறிமுறைகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. பொது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் அளவுக்கு மீறிய பலகையைத் தகாதது என்று கூறி, பெயர், பட்டம், சிறப்புத் துறை, பதிவு எண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன. பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டின் திருத்திய விதிமுறைகளும் அதே போக்கினவே. கடைகள், நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டு விதிகள் பெயர்ப்பலகையில் தமிழுக்கு முதலிடம் தந்து, தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்ற விகிதத்தை வகுத்துள்ளன. இருந்தும் பதிவு எண்ணை மூலையில் நெல்மணி அளவுக்குச் சுருக்கிவிட்டு, புன்னகைக்கும் அயல்நாட்டு முகத்துக்குப் பாதிப் பலகையை ஒதுக்குவது பரவலாகக் காணப்படுகிறது. நோயாளி சரிபார்க்கக்கூடிய ஒரே செய்தி அந்த எண்தான் என்பதால் அதைச் சுருக்குவது பெருங்குறை.

தமிழ் எழுத்தின் இயல்பையும் வடிவமைப்பாளர் அறிந்திருக்க வேண்டும். ண, ஊ, ளை போன்ற சுழியுள்ள எழுத்துகள் தடித்த எழுத்துருவில் உட்புழை அடைபட்டுக் கருந்திட்டாகத் தெரியும். அக்ரிலிக் எழுத்துகளைத் தனித்தனியே வெட்டி ஏசிபி எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகட்டின்மேல் ஒட்டும்போது, புள்ளி தனித்துண்டாகிவிடுவதால் ஓரிரு மழைக்காலத்தில் முதலில் உதிர்வது அதுவே. புள்ளியுதிர்ந்த ‘பல் மருத்துவமனை’ வாசலிலேயே தன் கவனக்குறைவை அறிவித்துக்கொண்டு நிற்கும். அதே இலச்சினை மருந்துச் சீட்டின் ரப்பர் முத்திரையில் ஒரே மையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருங்கியும் தெளிவாக இருக்க வேண்டும்; நிறச்சாயல்களையும் நிழல்களையும் நம்பிய உருவம் அங்கே கறையாகிவிடும்.

பதிவு, உரிமை ஆகியவற்றிலும் பொதுப் பல்லால் இடர் உண்டு. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் தனித்து அறியும் தன்மையற்ற குறிகளைப் பதிவு செய்ய மறுக்கிறது. மருத்துவச் சேவைகளுக்கான 44ஆம் வகுப்பில் வெறும் பல்லின் படத்தோடு கிண்டியிலுள்ள வணிகக் குறிப் பதிவகத்தை நாடுவோருக்கு, அது சேவையின் இயல்பையே காட்டும் படமாதலால், பதிவு கிடைப்பது கடினம். தனித்தன்மையுள்ள குறி பத்தாண்டுகளுக்குப் பதிவு பெற்று, மீண்டும் மீண்டும் புதுப்பிக்கத்தக்கது. இலச்சினையை வரைந்தவர் மருத்துவமனையின் ஊழியரல்லாதபோது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அதன் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவரே ஆவார். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் காலவரை குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கே அது செல்லும். ஆகவே கட்டணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், காலவரையுடன் கையெழுத்திட்ட உரிமைத் தாளையும், எந்த அளவுக்குப் பெருக்கினாலும் விளிம்பு சிதையாத வெக்டார் கோப்பையும் மருத்துவர் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.