நீர் மாத்திரையா? மணி பார்த்துப் போடுங்க ஸார்!

உங்கள் செக்‌ஷனில் இப்படி ஒருவர் இருக்கிறாரா, பாருங்கள். பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுவார். பத்தேகாலுக்கு எழுந்து போவார். பத்தேமுக்காலுக்கு மறுபடியும். மானேஜர் கண்ணாடிக்கு மேலாக முறைப்பார். "தம் அடிக்கத்தான் போறான்" என்று பக்கத்து ஸீட்டில் முணுமுணுப்பு. பாவம் மனுஷர், காலையில் நீர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்!

இதயம் பலவீனமாகிக் கால் வீங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகக் கோளாறால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டாலோ டாக்டர் எழுதித் தருவது லேசிக்ஸ் மாதிரியான மாத்திரை. மருந்தின் நிஜப் பெயர் ஃப்யூரோஸமைட். லேசிக்ஸ், கம்பெனி வைத்த பெயர். பிரஷர் மாத்திரைகள் சிலவற்றுக்குள்ளும் இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஒளிந்திருப்பார். மாத்திரைப் பெயரின் வாலில் 'எச்' என்று ஒற்றை எழுத்து இருந்தால் பெரும்பாலும் அவர்தான்: ஹைட்ரோகுளோரோதயஸைட். முப்பது வயசிலேயே பிரஷர் மாத்திரை விழுங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடும். மீதியை உப்போடு சேர்த்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். லேசிக்ஸ் போய் உப்பு திரும்புகிற கதவைச் சாத்திவிடுகிறது. உப்பு வெளியே போனால் தண்ணீரும் பின்னாடியே போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே, மாத்திரையும் போட்டு, மத்தியானம் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று வெளுத்துக்கட்டினால் ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதைதான்.

போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். ஆறு மணி நேரம் போல நிற்கும். எனவே காலையில் போடுவதுதான் வழக்கம். ரெண்டு வேளை என்றால் இரண்டாவதை மத்தியானத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் அன்றைக்கு சிவராத்திரி! வயசானவர்களுக்கு இது வெறும் தூக்கப் பிரச்னை இல்லை. இருட்டில் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான்.

வீட்டுக்கு வீடு நடக்கிற இன்னொரு கூத்து:

"அப்பா, மாத்திரை போட்டீங்களா?"

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்டா. நடுவழியில எந்த டிரைவர் பஸ்ஸை நிறுத்துவான்?"

அவர் சொல்வது நியாயம்தான். ஆனால், போகிற நாள் ஒன்று, கல்யாண நாள் ஒன்று, திரும்புகிற நாள் ஒன்று என மூன்று நாள் மாத்திரை கட். நடுவில் கல்யாணச் சாப்பாட்டு உப்பு. இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் சேர்ந்து, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவார். நேராக ஆஸ்பத்திரி! பஸ்ஸை விட்டு இறங்கியபின் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் இந்த வம்பே இல்லை.

சரி, நோயாளி சமாசாரம் இருக்கட்டும். 'பொண்ணு பார்க்கப் போறேன், முகம் உப்பலா இருக்கு' என்று அப்பாவின் அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளுகிற வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு கிலோ குறையும், வாஸ்தவம்தான். குறைந்தது கொழுப்பு இல்லை ஸார், ரெண்டு லிட்டர் தண்ணீர். மறுநாளே திரும்பி வந்துவிடும். 2003 உலகக் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவின் முதல் மேட்சுக்கு முன்பே ஷேன் வார்னே தென்னாப்பிரிக்காவிலிருந்து மூட்டை கட்டினார். டெஸ்ட்டில் சிக்கியது நீர் மாத்திரை. ஒல்லியாகத் தெரிவதற்காக அம்மா கொடுத்தது என்றார். ஒரு வருஷம் தடை! நீர் மாத்திரை சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு ஊக்க மருந்தை மறைக்க உதவும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது.

விக்கெட் போனால் பரவாயில்லை, இதில் உயிருக்கே உலை வைக்கிற ஒன்று உண்டு. தண்ணீரோடு பொட்டாசியமும் கழிந்துபோகும். அது குறைந்தால் கெண்டைக்கால் குரக்களி பிடிக்கும், உடம்பு துவளும், நெஞ்சு படபடக்கும். ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். அதனால்தான் டாக்டர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார். லேபுக்குக் காசு சேர்க்க இல்லை!

'அப்படியா, தினம் ரெண்டு இளநீர் குடிச்சிடறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு அதே பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்து. ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒரு நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ரகம். அதோடு இளநீரும், கடையில் விற்கிற 'லோ சோடியம்' உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் கலந்திருக்கும். உங்களுக்கு எது என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாந்தி பேதி வந்த அன்றைக்கு உடம்பு ஏற்கெனவே வற்றிக் கிடக்கும். மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று அன்றே போன் போட்டுக் கேளுங்கள். மூட்டுவலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்குவதும் கூடாது. இரண்டும் நீர் மாத்திரையின் வேகத்தைக் குறைத்து, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இதய நோயாளி இருக்கிற வீட்டில் ஒரு எடை மிஷின் வாங்கிப் போடுங்கள். காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்னால் ஏறி நின்று காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது அம்மா சமையலால் வந்த சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களாகவே இன்னொரு மாத்திரையைப் பிய்த்துக் கொடுக்க வேண்டாம்.