ஊட்டி ரயில் எஞ்சின்: கேட்பவர் உண்டு, சரக்கு இல்லை

மேட்டுப்பாளையம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு உருளைக்கிழங்கு மண்டிதான் நினைவுக்கு வரும். மலையிலிருந்து இறங்கும் கிழங்கும் பூண்டும் அங்கே கைமாறித்தான் நம் கடைகளுக்கு வந்து சேருகின்றன. ஆனால் கிழங்குக்கும் பூண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு கூட்டம் அதே ஊருக்கு வெகு தொலைவிலிருந்து வந்து இறங்குகிறது. காலை ஏழு மணிக்கு மேல் புறப்படும் ஊட்டி ரயிலின் எஞ்சினைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் அவர்கள். பயணச்சீட்டு கிடைக்காவிட்டாலும் வருவார்கள். நடைமேடையில் நின்று எஞ்சின் நீராவி விடுவதைப் பார்த்துவிட்டு, கல்லாறு வரை சாலையில் துரத்திக்கொண்டு போவார்கள்.

அந்த ஊரில் பரிசுப் பொருளும் விளையாட்டுச் சாமானும் விற்கும் நண்பர் ஒருவரின் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், பேரனைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்தார்.

“ஏனுங்க, நம்ம மலை ரயில் எஞ்சின் சின்னதா இருக்குங்களா?”

நண்பர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெரிய புகைபோக்கி, முன்னால் மாடு தள்ளும் கம்பி, மேலே ஒரு மணி. அமெரிக்கப் படங்களில் வரும் எஞ்சின். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நம்ம வண்டி இல்லீங்களே, தம்பி.”

பேரனுக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பந்தின் லாபம் கல்லாவில் விழுந்தது. ஒரு எஞ்சினின் லாபம் கடையை விட்டு இறங்கிப் போனது. இதை ஏதோ அபூர்வம் என்று நினைத்த நமக்கு நண்பர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். கடையில் கேட்டு, இல்லையென்று சொல்லி அனுப்பிய சரக்கையெல்லாம் எழுதி வைக்கும் நோட்டு அது. நம் மளிகைக் கடைகளிலும் இப்படி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை பேர் வைத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம். அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் “ஊட்டி எஞ்சின்”, “பல்சக்கர எஞ்சின் மாடல்”, “எக்ஸ் கிளாஸ்” என்று வந்துகொண்டே இருந்தது. சிலர் விலாசமும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த எஞ்சினில் அப்படி என்ன இருக்கிறது என்று நம் வாசகர்கள் கேட்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர், ஒரு மீட்டர் அகலப் பாதை. குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமை; சில இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி ஏறியாக வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி. எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்ட முறை இது.

எஞ்சினும் சுவிட்சர்லாந்துச் சரக்குதான். விண்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். தொழிற்சாலையில் செய்தது. முதல் எஞ்சின்கள் 1914 வாக்கில் வந்தன, கடைசித் தொகுதி 1952-ல். எட்டுச் சக்கரம் இழுவைக்கு, பின்னால் இரண்டு சக்கரம் பாரம் தாங்க. சிலிண்டர்கள் நான்கு, பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று. சமதரையில் ஒரு ஜோடி மட்டும் வேலை செய்யும். பல் பாதையில் ஏறியதும், அந்த ஜோடியில் ஒருமுறை உழைத்து வெளிவரும் நீராவியை வீணாக்காமல் அடுத்த ஜோடிக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். ஒரே சரக்கில் இரண்டு முறை லாபம் பார்க்கிற வித்தை என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலை ஏறும்போது எஞ்சின் வண்டிக்குப் பின்னால் இருக்கும், இழுக்காது, தள்ளும். இது தெரியாமல் நாமே ஒருமுறை சூடு பட்டுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மரப் பட்டறையில் சொல்லி, ஊட்டி ரயில் என்று நீல வண்ணம் அடித்த இரண்டு டஜன் பொம்மை ரயில்கள் செய்யச் சொன்னோம். எஞ்சின் முன்னால், பெட்டிகள் பின்னால், அசையாமல் ஒட்டப்பட்டு வந்தன. குழந்தைகளோடு வந்தவர்கள் வாங்கினார்கள். ரயில் பித்தர்கள் ஒருவரும் தொடவில்லை. ஒருவர் மட்டும், “மலை இறங்குற வண்டின்னு சொல்லி வித்துடுங்க” என்று சிரித்துவிட்டுப் போனார். மீதி எட்டும் வெகு நாள் பரணில் கிடந்தன.

ஆக, கடைக்கு வருபவர் இரண்டு வகை. ஊட்டிக்குப் போனதன் நினைவாக ஏதாவது ஒன்று போதும் என்பவர் ஒரு வகை. 1998-ல் வந்த ‘உயிரே’ படத்தில் ரயில் கூரைமேல் ஆடிய பாட்டைப் பார்த்துவிட்டு வருபவரும் இந்த வகையில்தான் சேர்வார். சக்கரத்தை எண்ணுபவர் இன்னொரு வகை. முதல்வருக்கு வைத்திருக்கும் சரக்கை இரண்டாமவர் தலையில் கட்டப் பார்ப்பதுதான் நம் தவறு. இரண்டாமவர் தொகை சிறிது. ஆனால் பேரம் பேசாமல் வாங்குவார், நான்கு நண்பர்களையும் அழைத்து வருவார்.

இவர்கள் கேட்பது பொம்மை அல்ல, அளவுக்கு அளவு சுருக்கிய மாடல். உலகில் அதிகம் விற்பது 87-ல் ஒரு பங்கு அளவு. இதற்கென்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், மேலை நாட்டுப் பாதையின் கணக்கு அது. நம் அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது, ஆயத்தத் தண்டவாளம் கிடையாது. அகலப் பாதை எஞ்சினைச் செய்பவர் அளவில் பொய் சொல்லித்தான் ஓட்டியாக வேண்டும். ஊட்டி எஞ்சினுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரயில்களின் மாடலுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. பெரிய அளவில் வேண்டுமென்றால் ஜெர்மனியின் எல்.ஜி.பி. செய்யும் 45 மில்லிமீட்டர் தண்டவாளம், இருபத்திரண்டரையில் ஒரு பங்கு கணக்கில், மீட்டர் பாதைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பல் பட்டையும் அவர்களிடம் உண்டு. பாதி வேலையை அடுத்தவர் செய்து வைத்துவிட்டார்கள்.

இங்கேதான் ஆர்வலர்களின் மனக்குறை கூர்மையாகிறது. அதே விண்டர்தூர் தொழிற்சாலை 1913-14 ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப் பாதைக்கும் ஒரு பல்சக்கர எஞ்சின் செய்து கொடுத்தது. அதே மீட்டர் அகலம், அதே ஆப்ட் முறை. நம் எஞ்சினுக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். அவற்றில் நான்கு 1947-ல் வியட்நாமுக்கு விற்கப்பட்டு, அங்கே ஓடி ஓய்ந்து கிடந்தன. ஆர்வலர்கள் தேடிப் போய் 1990-ல் அவற்றைச் சுவிட்சர்லாந்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த எஞ்சினை ஜெர்மனியின் பெமோ நிறுவனம் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு மாடலாகச் செய்து விற்றது. சித்தப்பா மகனுக்குக் கிடைத்த மரியாதை 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக இருக்கும் நம் வண்டிக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பதில் கணக்கில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் மாடல் செய்ய, கொதிகலனுக்கு ஒன்று, ஓட்டுநர் அறைக்கு ஒன்று, அடிச்சட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனி அச்சு வெட்ட வேண்டும். கோவைப் பட்டறைகளில் டை என்பார்கள். எல்லாவற்றுக்குமாக அறுபது லட்சம் ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 300 பேர் என்றால் ஒரு எஞ்சின்மேல் அச்சுச் செலவு மட்டுமே இருபதாயிரம் ரூபாய் ஏறும். மோட்டார், பல்சக்கரம், பெயின்ட், பெட்டி, லாரி வாடகை, நம் கமிஷன் எல்லாம் அதற்கு மேல். 6,000 பேர் வாங்கினால் அதே செலவு ஆயிரம் ரூபாயாக இறங்கிவிடும். கேட்பவர் 300 பேரா, 6,000 பேரா? தயாரிப்பாளருக்கு அது தெரியாது, அதனால் துணிய மாட்டார். தெரியக்கூடிய இடம் நம் கல்லாப்பெட்டி. நாமோ இல்லையென்று சொல்லிவிட்டு அந்த நிமிடமே மறந்துவிடுகிறோம்.

இறக்குமதியை நம்பியும் பயனில்லை. வெளிநாட்டுப் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாயிற்று. முத்திரையில்லாத சரக்கை மலிவு என்று எடுத்து, சோதனையின்போது பறிகொடுத்துவிட்டு நிற்க வேண்டாம்.

உள்நாட்டில் கை இல்லையா என்றால், இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் என்ற பழைய ஆங்கிலேய மாடல் பெயரில் உலகெங்கும் விற்ற விமானப் பெட்டிகள் சில இந்தியாவில் தயாரானவையே. பார்க்க வருபவரும் இருக்கிறார்கள்: புனேயில் சிறு ரயில்களுக்கென்றே ஒரு தனியார் அருங்காட்சியகம் 1998-ல் திறக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் திருச்சி பொன்மலைப் பணிமனை. சுவிட்சர்லாந்து எஞ்சின்கள் கிழடு தட்டியதும், எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்கள் நான்கை 2011 முதல் 2014-க்குள் அங்கேயே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டினார்கள். முழு அளவு எஞ்சினைத் தமிழ்நாட்டில் செய்ய முடிகிறது. உள்ளங்கை அளவில் ஒன்று கேட்டால் அமெரிக்க எஞ்சினை எடுத்துக் காட்டுகிறோம்.

அச்சு வெட்டாமலே செய்யும் வழி இப்போது வந்திருக்கிறது. கணினியில் வரைந்து, இழை இழையாக அடுக்கி உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி. ஆறு வேண்டுமா ஆறு, அறுபது வேண்டுமா அறுபது. ஒன்றின் அடக்க விலை அதிகம்தான், ஆனால் முடங்கும் முதல் குறைவு. ஓடாத, அலமாரியில் வைக்கும் மாடலுக்கு இது போதும். ஓட வேண்டுமென்றால் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் அடிச்சட்டத்தை வாங்கி மேலே பொருத்தலாம். சக்கரக் கணக்கு ஒத்து வராது. சக்கரத்தை எண்ணுகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மறைத்து விற்றால் மரப் பொம்மைக் கதைதான்.

நண்பர் அந்த வழியில் இறங்கியிருக்கிறார். நோட்டில் விலாசம் கொடுத்தவர்களுக்கெல்லாம் தபால் அட்டை போட்டு, பாதிப் பணம் முன்பணமாக வாங்கி, அதன் பிறகே கோவையில் ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்தார். முதலில் வந்த மாதிரியில் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர்தான் இருந்ததாம். திருப்பி அனுப்பிவிட்டார். நாம் இதை எழுதும் வேளையில் இரண்டாவது மாதிரிக்காகக் காத்திருக்கிறார். குன்னூரிலும் ஊட்டியிலும் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்களிடம் கேட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று சங்க அலுவலகத்துக்கு எழுதினால், ஆர்டரைச் சேர்த்துக் கொடுத்து விலையைக் குறைக்கப் பார்க்கலாம் என்கிறார்.

அந்தப் பெரியவரின் விலாசம் மட்டும் நோட்டில் இல்லை. பந்துக்குப் பணம் வாங்கிய அவசரத்தில் கேட்க மறந்துவிட்டாராம்.