மயிலும் நிலக்கடலையும்

சென்ற விதைப்புப் பருவத்தில் தணிக்கை நிமித்தம் கன்னிவாடிப் பக்கம் சென்றிருந்தோம். கணக்குப் புத்தகங்களை மூடும் வேளையில் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். நிலக்கடலை ஊன்றிய மூன்றாம் நாள் மயில்கள் இறங்கி, சால் சாலாகக் கிளறித் தின்றுவிட்டனவாம். விதைக்கு வாங்கிய பணமோ சங்கத்துக் கடன். “ஒரு பிடி தானியத்தில் மருந்தைக் கலந்து வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது, ஐயா?” என்றார்.

நாம் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம். இக்கேள்வியை மனத்தில் வைத்திருப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

1912-ஆம் வருஷத்துக் காட்டுப் பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் மயிலும் இருந்தது. ஆயினும் தன் சொத்தைக் காக்கவே மெய்யாகக் கொன்றவனை அச்சட்டம் தண்டிக்கவில்லை. நம் பெரியவர்களிற் சிலர் இன்னும் அதுவே நடப்பு என்று எண்ணியிருக்கிறார்கள். அது நீங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டாயிற்று. 1963-இல் மயில் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், யானை, காட்டெருமை ஆகியவற்றோடு முதல் அட்டவணையில் அது நிற்கிறது. இவ்வட்டவணையில் உள்ளதைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். மனித உயிருக்கு அபாயமாயிருந்தாலோ, தீராத நோயோ ஊனமோ உற்றிருந்தாலோதான் அவரும் உத்தரவிடலாம். பயிர்ச்சேதம் அக்காரணங்களில் இல்லை. ஆகவே மயிலைக் கொல்ல லைசென்ஸ் கேட்டு மனுச் செய்வது வீண். மருந்து வைத்தாலோ மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. வரப்பில் தானாகச் செத்துக் கிடக்கும் மயிலும் சர்க்கார் சொத்தே. அதை எடுத்தவர் 48 மணி நேரத்திற்குள் போலீஸ் நிலையத்திலோ வன இலாகாவிலோ தெரிவிக்க வேண்டும். சப்தமின்றிப் புதைத்தவர் மீதுதான் சந்தேகம் விழும்.

சேலைக் கரையில் மயிலை நெய்யும் அங்கத்தினர்களுக்கு இச்சங்கடம் இல்லை!

இங்கிலாந்தில் 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி, காட்டுப்புறா, காகம் முதலியவற்றுக்குப் பொது லைசென்ஸ் உண்டு. தனித்தனியே மனுச் செய்ய வேண்டுவதில்லை. அங்கும் 2019 ஏப்ரலில் அத்தகைய மூன்று லைசென்ஸுகள் திடீரென ரத்தாகி, விவசாயிகள் திகைத்தனர்.

காட்டுப்பன்றியின் நிலை வேறு. இரண்டாம் அட்டவணையில் உள்ள அதற்கு, நிற்கும் பயிரை அழிப்பதும் போதிய காரணமாகும். 2025 ஜனவரியில் நம் மாநில சர்க்கார் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் புகும் பன்றியை வன இலாகாவினர் சுடலாம், விவசாயி சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் உள்ளே சுடுவதற்கே இடமில்லை. மலையடிவாரத்தை ஒட்டிய கன்னிவாடித் தோட்டங்களுக்கு இதனால் என்ன லாபம்? சேதம் மிகுந்த இடத்தில் பரிகாரம் மிகக் குறைவு என்பதே நம் அபிப்பிராயம்.

மின்வேலி போட விரும்புவோர் 2023-ஆம் வருஷத்து விதிகளைக் கேட்டறிந்து, வன இலாகாவின் அனுமதி பெற்ற பிறகே கம்பி வாங்குக. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது யானைக்கு மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்ச இரவில் வரும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் எமன்.

அந்த அங்கத்தினர் மருந்து வைக்கவில்லை. மறுபடி விதைத்து, முளை தலைதூக்கும்வரை குடும்பத்தோடு காவலிருப்பதாகச் சொன்னார். அவருடைய தவணையை நீட்டிக்கும்படி நிர்வாகக் குழுவுக்குக் குறிப்பெழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினோம்.